அபயம் நாடும் உயிர்: தஞ்சை மண்ணும் காட்டு முயலும்

ஜைன அறம் சிராவகர்க்கு வகுத்த தானங்கள் நான்கு: ஆகாரதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம். உணவும் மருந்தும் நூலறிவும் பொருளாலும் உழைப்பாலும் வழங்கத்தக்கவை. நான்காவதோ, ஓர் உயிர் அஞ்சாது வாழ இடம் தருவது. மனிதன் விலங்குகளைக் கூண்டில் வைத்துக் காட்சிப்படுத்திய வரலாற்றை இந்நான்கு தானங்களையும் அளவுகோலாகக் கொண்டு நோக்கினால், சிங்கமும் புலியும் உணர்த்தாத ஓர் உண்மையைச் சிறிய காட்டு முயல் உணர்த்துகிறது.

காவிரி நாட்டு முயல்

தமிழகத்துக் காடுகளிலும் தரிசுகளிலும் வாழ்வது கருங்கழுத்து முயல். பழுப்பு நிற உடலும், பிடரியில் கரிய திட்டும், நீண்ட செவிகளும் உடையது. தண்ணீர் நிற்கும் நன்செய் இதற்கு ஏற்ற இடமன்று. புல் வளர்ந்த படுகைகள், மேட்டு நிலப் புன்செய்கள், வல்லம் பகுதியின் செம்மண் புதர்கள், கடலோர முட்காடுகள் ஆகியவையே இதன் உறைவிடங்கள். பகலில் புல்லிடையே உடலை ஒடுக்கிக் கிடந்து, அந்தி சாய்ந்தபின் மேய்ச்சலுக்கு வெளிப்படும்.

இம்முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. கடைகளில் விற்கப்படும் வெள்ளை முயல் முற்றிலும் வேறு இனம். அது ஸ்பெயின், போர்ச்சுகல், தென் பிரான்சு நாடுகளைத் தாயகமாகக் கொண்ட குழிமுயலின் வழிவந்தது. குழிமுயலின் குட்டி கண் மூடி, மயிரின்றி, வளைக்குள் பிறக்கும். காட்டு முயலின் குட்டியோ மயிர் போர்த்து, கண் திறந்து, வெட்டவெளியில் பிறக்கும். முன்னதற்குக் காவல் வளை; பின்னதற்குக் காவல் அதன் கால்களே. இவ்வேறுபாடே கூண்டு வாழ்வில் இரண்டின் விதியையும் வேறாக்கியது.

தமிழ் மக்கள் முயலை வானத்திலும் கண்டனர். மதியிலுள்ள கறையை முயல் என்றனர்; முயலை உடையது என்னும் பொருளில் மதிக்குச் சசி என்ற பெயரும் வழங்கியது. அம்மதியின் பிறையை இலாஞ்சனமாகக் கொண்ட சந்திரப்பிரப தீர்த்தங்கரர்க்குக் கும்பகோணத்தில் கோயில் உண்டு.

அரண்மனையிலிருந்து பூங்காவுக்கு

தஞ்சையில் விலங்குகளை அறிவு நோக்கோடு பேணியவர் என மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) குறிப்பிடத்தக்கவர். அரண்மனையில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்தார். இயற்கை உயிர்களை ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். 1826-இல் தஞ்சைக்கு வந்த பேராயர் ஹீபர், இம்மன்னர் லின்னேயஸ், புஃபோன் முதலிய ஐரோப்பிய இயற்கை அறிஞர்களின் கருத்துகளை எடுத்தாளும் வன்மை பெற்றிருந்ததை வியந்து எழுதியுள்ளார். எனினும் அரண்மனை விலங்கு மனை மன்னர்க்கும் விருந்தினர்க்கும் உரியதாகவே இருந்தது.

பொதுமக்கள் காணும் விலங்குக்காட்சி தமிழகத்தில் 1855-இல் தொடங்கியது. சென்னை அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்வர்ட் பல்ஃபோர், ஆர்க்காட்டு நவாபிடமிருந்து பெற்ற விலங்குகளைக் கொண்டு அருங்காட்சியக வளாகத்திலேயே அதனை அமைத்தார். பின்னர் அது மக்கள் பூங்காவுக்கு இடம் மாறி, 1985-இல் வண்டலூரின் பரந்த காட்டுப் பகுதிக்குச் சென்றது. நெருக்கமான கூண்டிலிருந்து திறந்த வெளிக்குச் செல்ல 130 ஆண்டுகள் தேவைப்பட்டன.

தஞ்சையில் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்தின் அருகே 1871–72 காலத்தில் பூங்கா உருவானது. அங்கு மான், மயில், முயல் முதலியவை காட்சிக்கு வைக்கப்பட்டன. டெல்டாவின் ஊர்களிலிருந்து பெரிய கோயிலுக்கு வரும் குடும்பங்கள் அங்கும் சென்று, குழந்தைகளுக்கு அவ்வுயிர்களைக் காட்டுவது வழக்கமாக இருந்தது. ஆனால் இத்தகைய பூங்காக்களில் முயல் என்ற பெயரில் பெரும்பாலும் வளர்க்கப்பட்டது மேலைநாட்டு வெள்ளைக் குழிமுயலே. தன் ஊர் வரப்பருகே வாழும் பழுப்பு முயலை அறியாமலே, முயல் என்றால் வெண்மை என்று பல தலைமுறைக் குழந்தைகள் கற்றனர்.

கூண்டு ஏற்காத இயல்பு

காட்டு முயல் காட்சிக்கு அரிதானதற்குக் காரணம் அதன் அச்சமே. ஆபத்தை உணர்ந்தால் அசையாது கிடப்பதும், பகை நெருங்கியதும் பாய்ந்தோடுவதும் அதன் இயல்பு. கூண்டில் ஒளியப் புல் இல்லை. ஓட வெளி இல்லை. பார்வையாளரின் ஓசைக்கு மருண்டு பாயும் முயல் கம்பிவலையில் மோதி எலும்பு முறிந்து மடிவதுண்டு. தனித்து வாழும் இயல்புடையதைக் கூட்டமாக அடைத்தால் சண்டையும் நோயும் பெருகும். குழிமுயல் பல நூற்றாண்டுகளாக மனிதனோடு பழகியது. காட்டு முயல் இன்றுவரை பழகவில்லை.

முயலின் உறவான பைக்காவின் நிலை இன்னும் நுட்பமானது. இமயமலை உயரங்களில் பாறையிடுக்குகளில் வாழும் வாலற்ற இச்சிற்றுயிர்களுள் பல, கோடையில் புல்லை அறுத்துச் சேர்த்து, டெல்டா உழவர் வைக்கோற்போர் போடுவதுபோல் குளிர்காலத்துக்குக் குவித்து வைக்கும். குளிருக்கென அமைந்த அவற்றின் உடல் வெப்பத்தைத் தாங்காது. அமெரிக்கப் பைக்கா ஏறத்தாழ 26 பாகை செல்சியசு வெப்பத்தில் நிழலின்றிச் சில மணி நேரம் இருந்தாலே இறந்துவிடும். தஞ்சையின் சித்திரை வெயிலில் அத்தகைய உயிரைக் கூண்டில் வைப்பது கொலைக்கு ஒப்பானது.

கூண்டுகள் யாவும் தீமையே என்று முடித்துவிடவும் இயலாது. மெக்சிகோ நாட்டின் எரிமலைச் சரிவுகளில் மட்டும் வாழும் எரிமலை முயல் அழிவின் விளிம்பில் உள்ளது. மெக்சிகோ நகரின் சப்புல்தெபெக் விலங்குக்காட்சிசாலை அதனை வளர்த்து இனம் பெருக்கி வருகிறது. அங்கே கூண்டின் நோக்கம் காட்சியன்று, காப்பு. காவிரி நாட்டு முயலுக்கு அத்தகைய தேவை எழவில்லை. அதற்கு வேண்டியது அழியாத புதர் மட்டுமே.

பந்தமும் அபயமும்

தமிழில் விலங்கு என்னும் சொல் உயிரையும் குறிக்கும், தளையையும் குறிக்கும். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக ஐந்தைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றுள் முதலாவது பந்தம் என்னும் கட்டுதலே. வயிறார உணவளித்தாலும், விருப்பம்போல் இயங்கும் உயிரைத் தடுத்து அடைப்பது விரதத்துக்குக் குறையே என்பது இதனால் பெறப்படும்.

சுவேதாம்பர ஆகமமான ஞாதாதர்மகதையில் வரும் மேருப்பிரபன் என்னும் யானையின் வரலாறு இதன் மறுபக்கம். காட்டுத்தீயின்போது உயிர்களெல்லாம் ஒரு வெட்டவெளியில் நெருங்கி நின்றன. உடலைச் சொறிய யானை காலைத் தூக்கியபோது, அந்த இடத்தில் ஒரு முயல் வந்து ஒண்டியது. அதனை மிதிக்க அஞ்சிய யானை, தீ அடங்கும்வரை இரண்டரை நாள் காலைத் தூக்கியபடியே நின்று, பின்னர் விழுந்து உயிர் நீத்தது. அதுவே மகத மன்னர் சிரேணிகரின் மகன் மேககுமாரனாகப் பிறந்தது என்பது கதை. யானை அம்முயலைப் பிடித்துக் காக்கவில்லை. அது நிற்க இடம் விட்டது. அபயதானத்தின் இலக்கணம் அதுவே.

நாட்டின் சட்டமும் அத்திசையில் நடந்துள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயலைத் தன் அட்டவணையில் சேர்த்தது. அதனை வேட்டையாடுவது குற்றம். விலங்குக்காட்சிசாலைகளை நெறிப்படுத்த 1992-இல் மத்திய ஆணையம் அமைந்தது. சிவகங்கைப் பூங்கா சீரமைக்கப்பட்டபோது அங்கிருந்த மான்கள் கோடியக்கரைக்கு அனுப்பப்பட்டன. 1967-இல் சரணாலயமான அந்தக் கடலோரக் காட்டில் வெளிமானும் நரியும் வாழும் இடத்திலேயே கருங்கழுத்து முயலும் தன்னியல்பில் வாழ்கிறது.

காட்சிசாலை முயலுக்கு உணவு தரலாம், மருந்து தரலாம், காண்பவர்க்கு அறிவும் தரலாம். நான்காவது தானத்தை மட்டும் கூண்டால் தர இயலாது. அறுவடைக் காலத்தில் வரப்புப் புல்லில் தனித்துக் கிடக்கும் முயற்குட்டி பெரும்பாலும் தாயால் கைவிடப்பட்டதன்று. பகையின் பார்வை குட்டிமேல் விழாதிருக்கத் தாய் விலகி நின்று, இருள் சூழ்ந்தபின் பாலூட்ட வருவது முயலினத்தின் இயல்பு. அக்குட்டியை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், அது கிடக்கும் புல்லை மட்டும் அறுக்காது விடுத்தல் போதும். தீபங்குடி, மன்னார்குடி, கரந்தை என டெல்டாவெங்கும் திருக்கோயில் கண்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தம் வயல்வெளியிலேயே செய்யத்தக்க அபயதானம் அது.