சுற்றுச்சூழல், நீர்வளப் பொருளியல்
பற்றாக்குறையான நீர், நிலம், காற்று ஆகியவற்றை யார், எவ்வளவு, என்ன விலையில் பயன்படுத்துவது என்பதை ஆராயும் பல்கலைக்கழகப் பாடத்துறை. நுண்பொருளியலும் புள்ளியியலும் இதன் அடித்தளம். நீரியலும் சட்டமும் ஓரளவு தெரியாமல் இதைக் கற்க முடியாது. சென்னைப் பொருளியல் பள்ளியில் சுற்றுச்சூழல் பொருளியல் முதுகலைப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது.

மாணவர் முதலில் சந்திக்கும் சிக்கல் நிலத்தடி நீர். ஒருவர் இறைக்கும் நீர் அடுத்தவர் கிணற்றின் மட்டத்தையும் தாழ்த்துகிறது. அந்த இழப்பு இறைத்தவரின் கணக்கில் ஏறுவதில்லை. தமிழ்நாட்டில் உழவர்களுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், கூடுதலாக ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினாலும் மின்செலவு கூடாது. உழவரைக் குறை சொல்வது எளிது, ஆனால் தவறு: நீர்மட்டம் தாழும்போது ஆழ்துளைக் கிணற்றுக் கடன் அவர் தலையில்தான் விழுகிறது.

இத்தகைய சிக்கலுக்கு அரசுக் கட்டுப்பாடு அல்லது தனியுடைமை மட்டுமே தீர்வு என்ற கருத்தை அசைத்தவர் எலினார் ஆஸ்ட்ரம். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் அளவுமீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்த ஒரு நிலத்தடி நீர்ப்படுகையை அவர் ஆராய்ந்தார். நீர் எடுப்போரே சங்கம் அமைத்து, பேசி, நீதிமன்றத்தின் வழியே அளவைக் குறைத்துக்கொண்டதை 1965ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வில் பதிவு செய்தார். பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவரே (2009).