கணக்கில் சேர்ந்த ஓய்வூதியமும் ஜப்தியும்: 60ஆம் பிரிவின் 'பின்னரும்'

ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பணம் வங்கிக்கணக்கில் வரவான பிறகும் பாதுகாப்பு நீடிக்கிறதா என்பதே சிக்கல். நீடிக்காது என்ற வாசிப்பு நெடுங்காலமாக வழக்கில் இருந்துவருகிறது. வரவு வைத்ததும் வேலை கொடுத்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது வங்கி தன் வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய சாதாரணக் கடன். அதை உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 46இன்படி பற்றுகை (ஜப்தி) செய்யலாம் என்பது அந்த வாசிப்பின் வாதம். தர்க்கம் கச்சிதமானதுதான். சட்டத்தின் சொற்கள் அதற்கு இடம் கொடுப்பதாகத் தெரியவில்லை.

உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம், 1908இன் 60(1)ஆம் பிரிவுக்கு உள்ள முதல் விளக்கம், ஓய்வூதியர்களின் உதவித்தொகையையும் பணிக்கொடையையும் குறிக்கும் (ஜி) கூறை வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்கிறது. இத்தகைய பணம் செலுத்தத்தக்கதாவதற்கு முன்னரும் பின்னரும் பற்றுகைக்கு உட்படாது என்பது அதன் சாரம். பழைய வாசிப்பு 'செலுத்தத்தக்க' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறது: செலுத்தத்தக்கது வேறு, செலுத்தப்பட்டது வேறு, பணம் செலுத்தப்பட்டதும் விளக்கத்தின் வேலை முடிந்தது என்கிறது. அப்படியானால் 'பின்னரும்' என்ற சொல் எந்தக் காலத்தைக் குறிக்கிறது?

மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் பாஸ்புக்கைப் புரட்டினால் விடை கிடைக்கும். மார்ச் மாத ஓய்வூதியம் ஏப்ரலின் முதல் வேலைநாளில் வரும். மற்றவை அந்தந்த மாதத்தின் கடைசி வேலைநாளிலேயே வரவாகிவிடும். தொகை செலுத்தத்தக்கதாகும் நாளும் வரவு விழும் நாளும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டுக்கும் நடுவே 'பின்னர்' என்று சொல்ல ஒரு நாள்கூட மிஞ்சுவதில்லை. பழைய வாசிப்பை ஏற்றால், சட்டமியற்றியவர்கள் எழுதிய ஒரு சொல் இன்று பொருளற்றுப் போகிறது. அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்க வேண்டுமானால் அது கணக்கில் கிடக்கும் தொகையையும் தழுவியாக வேண்டும்.

இதற்கு எதிராக ஹிங்கொரானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இல் அளித்த தீர்ப்பு காட்டப்படுவதுண்டு. அது ஆராய்ந்தது 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆம் பிரிவை. அந்தப் பிரிவு வரவேண்டிய பணத்தையும் இனி வரவேண்டியதாகும் பணத்தையும் மட்டுமே பேசுகிறது. 'பின்னரும்' அங்கே இல்லை. ஒரு சட்டத்தின் சொல்லுக்குக் கிடைத்த பொருளை வேறு சொல் கொண்ட இன்னொரு சட்டத்தின்மேல் ஏற்றியதே குழப்பத்தின் வேர். ஜோதி சிட் ஃபண்ட் வழக்கிலிருந்து (1976) எடுத்தாளப்படும் 'ஊழியரின் கைக்கு வரும்வரை' என்ற வரம்பும் உதவவில்லை. வங்கிக் கிளையில் 'லியன் போட்டிருக்கு', பணம் எடுக்க முடியாது என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் முதியவரின் கைக்கு அந்தப் பணம் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

உச்ச நீதிமன்றம் 2008இல் ராதே ஷ்யாம் குப்தா எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஓய்வுக்காலப் பலன்கள் பெறப்பட்டு, நிரந்தர வைப்பாக மாற்றப்பட்ட நிலையிலும் தம் தன்மையை இழக்கவில்லை, (ஜி) கூறின் பாதுகாப்பு தொடர்கிறது என்றது. வைப்பு ரசீதுக்கே இது பொருந்தும்போது, சேமிப்புக் கணக்கில் நேற்று விழுந்த வரவுக்குப் பொருந்தாது என்பது நிற்காது.

வேறு வரவுகளோடு கலந்துவிட்ட ஓய்வூதியத்தைப் பிரித்தறிய முடியாது என்ற மறுப்பு கணக்கியல் சிக்கலே அன்றி சட்டச் சிக்கல் அல்ல. அமெரிக்காவில் 2011 முதல், ஜப்தி ஆணை பெறும் வங்கி முந்தைய இரண்டு மாதங்களில் நேரடியாக வரவான கூட்டாட்சி அரசு உதவித்தொகைகளைக் கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கணக்கைத் தானாகவே பாதுகாக்கிறது. கணினிமயமான இந்திய வங்கிக்கும் அது இயலும்.

நீதிமன்ற ஆணையே இல்லாமல், தனக்கு வரவேண்டிய கடன் தவணைக்காக வங்கி தானே கணக்கிலிருந்து ஈடுசெய்துகொள்வது மட்டும் இந்த வாதத்துக்கு முழுமையாக அடங்கவில்லை. 60ஆம் பிரிவு தீர்ப்பாணை நிறைவேற்றத்தைக் கட்டுப்படுத்துவது. ஈடுசெய்யும் உரிமையோ வங்கித் தொழில் மரபிலிருந்தும் ஒப்பந்தத்திலிருந்தும் பிறப்பது. ஆயினும் தீர்ப்பாணை பெற்ற கடன் கொடுத்தவரே தொட முடியாத தொகையை, வழக்கே தொடுக்காத கடன் கொடுத்தவர் கணக்கைத் தன்வசம் வைத்திருக்கிறார் என்ற காரணத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு 60ஆம் பிரிவின் நோக்கத்தில் எந்த ஆதரவும் இல்லை.