மார்பக உள்வைப்பு அகற்றல்
மார்பக உள்வைப்பு அகற்றல் என்பது மார்பகத்தினுள் பொருத்தப்பட்ட சிலிக்கோன் அல்லது உப்புநீர்ப் பையை வெளியே எடுக்கும் அறுவைச் சிகிச்சை ஆகும். பை கிழிதல், அதைச் சுற்றி உடல் உருவாக்கும் நார்த்திசு உறை இறுகி வலித்தல் ஆகியன இதற்கான முதன்மைக் காரணங்கள். உறையையும் முழுமையாக அகற்றினால் குருதிப்பெருக்கு இடர் கூடும். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.

பிரான்சின் பிஐபி நிறுவனம் தொழிற்சாலைத் தரச் சிலிக்கோனை நிரப்பி விற்றமை 2010இல் வெளிப்பட்டது. 2011 டிசம்பரில் அந்நாட்டு அரசு, அவற்றைப் பொருத்தியிருந்த ஏறத்தாழ 30,000 பெண்களுக்கு, கிழியாத பைகளையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ளப் பரிந்துரைத்தது. அகற்றும் செலவு அனைவருக்கும் ஏற்கப்பட்டது. மாற்றுப் பைக்கான செலவோ புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் மார்பகச் சீரமைப்புச் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே கிடைத்தது.

நீர் தேங்காதிருக்கச் சிலருக்கு வடிகுழாய் வைக்கப்படும். சில வாரங்கள் பாரம் தூக்கலாகாது. விரிந்திருந்த தோல் தொய்வதால் மார்பகம் பழைய வடிவுக்கு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். இதனை முன்கூட்டியே கேட்டறிவது நன்று. ஒரு பக்கம் திடீரென வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரைக் காண வேண்டும்.