கடற்கொள்ளையன் என்று எழுதியவர் யார்?

சாகு மன்னரின் கடற்படைத் தலைவராகிய ‘சர்கேல்’ கானோஜி ஆங்கரேயை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கொள்ளையன் என்றே எழுதிவைத்தனர். அவர் செய்ததென்ன? கொங்கணக் கடலில் செல்லும் வணிகக் கப்பல்கள் தம்மிடம் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென்றார், பெறாதவற்றைப் பிடித்தார். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே ‘கர்த்தாஸ்’ என்னும் பெயரில் நடத்திய முறைதான் இது.

1721இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து கொலாபாக் கோட்டையைத் தாக்கித் தோற்றனர். 1729இல் கானோஜி மறைந்தார். அவர் மகன் துளாஜியை ஒடுக்கப் பேஷ்வாவே பின்னர் கம்பெனியோடு கைகோத்தார். 1756இல் வாட்சனின் தாக்குதலில் விஜயதுர்க்கம் வீழ்ந்தது. ஆங்கரேயின் கப்பல்கள் எரிந்தன. கொள்ளையர் ஒழிப்பெனக் கொண்டாடப்பட்ட அவ்வெற்றி, மேற்குக் கடலில் கம்பெனியை எதிர்த்து நின்ற கடற்படையையே அழித்தது. அவ்விழப்பில் மராத்திய அரசுக்கும் பங்குண்டு.

1951இல் இந்தியக் கடற்படை தன் மும்பைக் கரைத்தளத்திற்கு ‘ஐ.என்.எஸ். ஆங்கரே’ எனப் பெயர் சூட்டியது. 2008 முதல் ஏடன் வளைகுடாவில் கொள்ளையரைத் தடுக்கும் படையும் அதுவே. தன்னலத்துக்காகக் கப்பலைக் கவர்வோரும், அரசின் ஆணையால் கடலைக் காப்போரும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் ஆவணங்களில், அச்சொல்லை எழுதிய கையையும் சேர்த்தே நாம் ஆராய வேண்டும்.