சின்னப் பெட்டிக்கு எந்த பிராசசர்? ஒரு சூடான வரலாறு

கணினி அசெம்பிள் செய்ய ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் "எத்தனை கிகாஹெர்ட்ஸ், எத்தனை கோர்?" என்று கேட்பார்கள். "எத்தனை வாட்?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. சின்னப் பெட்டியில் கணினி கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான் என்பது என் கட்சி. அதற்கு பிராசசர்களின் வரலாறே சாட்சி.

1989-ல் வந்த இன்டெல் 486-ன் ஆரம்ப மாடல்கள் ஃபேன் இல்லாமலே ஓடின. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட். 2000-ல் பென்டியம் 4 வந்த பிறகு போட்டி முழுக்க கிகாஹெர்ட்ஸில் நடந்தது. அட்டையில் பெரிய எண் இருந்தால் சரக்கு விற்கும், அவ்வளவுதான். 2004-ல் வந்த 'பிரெஸ்காட்' வகையின் 3.8 கிகாஹெர்ட்ஸ் மாடலுக்கு இன்டெல் போட்ட கணக்கு 115 வாட். வீட்டு சீலிங் ஃபேனே 75 வாட்தான்!

ஏன் இவ்வளவு சூடு? வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். சூடோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். போதாக்குறைக்கு, டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக, சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. 2004 மே மாதம் 'டேஜாஸ்' திட்டத்தையும், அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 மாடலையும் இன்டெல் கைவிட்டது.

இன்டெல்லைக் காப்பாற்றியது லேப்டாப்புக்காகச் செய்த ஒரு சில்லு. இஸ்ரேலின் ஹைஃபாவில் வடிவமைத்த பென்டியம் எம், 2003-ல் வந்தது. 1.6 கிகாஹெர்ட்ஸில் 24.5 வாட்தான். ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்ததால், கிகாஹெர்ட்ஸில் தன்னைவிடப் பெரிய பென்டியம் 4-களோடு மல்லுக்கு நின்றது. அந்த வழியில் பிறந்ததுதான் 2006-ன் கோர் 2 டுவோ, 65 வாட்.

சின்னப் பெட்டிக்கான அடித்தளத்தை 2001-ல் தைவானின் வியா நிறுவனம் போட்டது: 17 செ.மீ. சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். போர்டு. 2008-ல் அதே அளவு போர்டில் இன்டெல் ஆட்டம் 230 வந்தது. பிராசசர் வெறும் 4 வாட், கூட இருந்த சிப்செட்டோ 22 வாட்! இன்டெல்லின் சொந்த போர்டிலேயே ஃபேன் சிப்செட் தலையில்தான் சுற்றியது. குதிரை சின்னது, வண்டி பெரிசு என்ற கதை.

நம்ம சென்னையிலும் அந்தக் காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் ராஜேஷ் ஜெயினும் சேர்ந்து தொடங்கிய நோவேஷியம், மலிவான 'நெட்பிசி'யைச் செய்தது. உள்ளே செல்போன் வகைச் சில்லு, ஹார்ட் டிஸ்க் கிடையாது. கனமான வேலையெல்லாம் தூரத்து சர்வரில். சூடு வீட்டை விட்டு வெளியேறியது, ஆனால் நெட் கனெக்ஷன் போனால் கணினியும் போச்சு.

சரி, இதில் நமக்கென்ன? பென்டியம் 4 காலத்தில் பெட்டி செய்பவர்களுக்கு இன்டெல் வைத்த விதி இது: வெளியே 35 டிகிரி இருந்தால், பிராசசர் ஃபேனுக்குள் போகும் காற்று 38-ஐத் தாண்டக் கூடாது. 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி பதிவானது! அக்னி நட்சத்திரத்தில் ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து மாடி அறைகளில் 35 எல்லாம் காலை நேரக் கணக்கு. எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க அதால் முடியாது. சூடு எல்லை மீறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய கிகாஹெர்ட்ஸ் மே மாதத்தில் காணாமல் போகும்.

காமர்ஸ் மாணவன் கணக்குப் போடாமல் விடுவானா? :) முழு வேலையில் 80 வாட் வித்தியாசம், தினம் 5 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 120 யூனிட். அந்த யூனிட்டுக்கான நிலக்கரிச் சாம்பலும் நம்ம பக்கம்தான். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடி மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இன்னும் எரிகிறது.

டாலி, எக்செல், ஆன்லைன் வகுப்புக்கு 2023-ல் வந்த இன்டெல் என்100 போதும், 6 வாட். இன்னும் பலம் வேண்டுமா? பெயர் 'டி' என்று முடியும் 35 வாட் இன்டெல் மாடல்கள், 'ஜி.இ.' என்று முடியும் ஏ.எம்.டி. மாடல்கள் இருக்கின்றன. ஆனால் அட்டையில் இருக்கும் அடிப்படை வாட்டை மட்டும் நம்பாதீர்கள். 2022-ல் வந்த கோர் ஐ5-12400-க்கு அடிப்படை 65 வாட், டர்போவில் 117 வாட் வரை. அதாவது பழைய பிரெஸ்காட் எண்ணுக்கே திரும்பி வந்துவிட்டோம். வேலையைப் பல மடங்கு வேகமாக முடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் சின்னப் பெட்டிக்குள் அடைபடும் சூடு சூடுதான். வாங்கும் முன் இரண்டு எண்ணையும் பாருங்கள்.