கிட்டார் வாசித்த கை

விருத்தாசலம் செராமிக் பொம்மையைத் திருப்பிப் பார்த்தால் செஞ்ச ஆள் பேரு இருக்காது. சினிமா இசைத்தட்டு உறையும் பெரும்பாலும் அப்படித்தான். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர், அதோட சரி. வாசித்தவன் கூலிக்காரன், அவனுக்கு எதுக்குப் பேரு? கைவேலைக்காரனை விட்டுவிட்டு எழுதுவது நம் வரலாற்றுக்காரர்களுக்குப் பழகிப்போன காரியம்.

1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை எஸ்.பி.பி. பாட்டு என்கிறோம், வைரமுத்து பாட்டு என்கிறோம், ராஜா பாட்டு என்கிறோம். அதைத் தூக்கி நிறுத்துகிற கிட்டார் ஆர். சந்திரசேகருடையது. டிரம்ஸ் புருஷோத்தமனின் உடன்பிறந்தவர். ராஜா எழுதித் தருகிற நோட்ஸைப் பார்த்து, ஒத்திகை முடித்து, அன்றைக்கே வாசித்தாக வேண்டும். பாடகரும் வாத்தியக்காரர்களும் பெரும்பாலும் ஒன்றாகவே பதிவான காலம். ஒரு விரல் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. கேசட் எத்தனை வித்தாலும் கால்ஷீட் கூலிதான்.

இந்தக் கூலி ராஜாவுக்கும் தெரிந்ததுதான். பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, 1976இல் 'அன்னக்கிளி' வரும்வரை ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர், சலீல் சௌத்ரிக்குக் கிட்டார் வாசித்தவர். அதற்கும் முந்தி எம்.எஸ்.வி. குழுவில் பிலிப். டீக்கடையில் அவர் கிட்டாருக்குத் தலையாட்டாத ஆளில்லை. பேரைக் கேட்டால் முழிப்பார்கள்.

1990களில் ஏ.ஆர். ரஹ்மான் ஒலிநாடா உறைகளில் வாசித்தவர்கள் பெயரைப் போட ஆரம்பித்தார். பொடி எழுத்துதான். ஆனாலும் பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ் என்று நம்ம பையன்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.