மிருக வைத்தியக் கல்வி தோன்றிய வரலாறு

பசுவையும் இடபத்தையும் தெய்வமெனப் போற்றும் நம் முன்னோர், அவற்றுக்கு நோய் வந்துற்றால் ஊர்ப் பரிகாரியாரையே நாடினர். குறிசுடுதலும், மூலிகை அரைத்துப் பருக்குதலும் அவர் தந்தைவழி பெற்ற வித்தைகள். ஐரோப்பாவிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அங்கே குதிரைக்கு இலாடம் அடிக்குங் கொல்லனே அதன் வைத்தியனுமாவான். இத்தொழிலைக் கல்லூரி வைத்துக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் எழுந்த கதையை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே வெக்கை நோய் ஐரோப்பிய மாடுகளை மந்தை மந்தையாக மாய்த்தது. காய்ச்சல், கண்ணீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல். சில நாட்களில் மரணம். மாடு போனால் ஏரும் போம், எருவும் போம். உழவன் கதி என்னாவது! இந்நிலையில், லியோன் நகரிலே குதிரையேற்றப் பள்ளித் தலைவராயிருந்த குளோட் பூர்ஜெலா என்பவர், பிரான்சிய நிதிமந்திரி பெர்த்தானின் ஆதரவுடன், 1761ஆம் ஆண்டில் மிருக வைத்தியப் பள்ளியொன்று நிறுவ அனுமதி பெற்றார். அடுத்த ஆண்டு, நகர்ப்புறத்திலே 'செழிப்பு' என்னும் பெயர்கொண்ட பழைய சத்திரமொன்றில் அது திறக்கப்பட்டது.

பூர்ஜெலா தாம் மனித உடலை அறுத்தறியுஞ் சத்திர வைத்தியரிடம் பாடங் கேட்டவர். ஆதலின், தம் மாணவரையும் இறந்த விலங்கை அறுத்து எலும்பும் தசையும் நேரிற் காணச் செய்தார். மூலிகை இனமறிதல், மருந்து கூட்டுதல் ஆகியவற்றுடன் உலைக்களத்தில் இலாடம் அடிக்கவும் அவர்கள் பழகினர். பள்ளி தொடங்கிய அந்த 1762ஆம் ஆண்டிலேயே, கொள்ளைநோய் கண்ட கிராமங்களுக்கு மாணவர் அனுப்பப்பட்டனர். 1764இல் அரசர் அதற்கு 'அரச பள்ளி' என்னும் பட்டம் ஈந்தார்.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைத்தலாகாது. பள்ளியின் உள்ளம் மாட்டைவிடக் குதிரையின்பாலே சாய்ந்திருந்தது. 1774இல் வெக்கை நோய் மீண்டும் பரவியபோது, அரசு மனித வைத்தியராகிய விக் டசீரையே ஏவிற்று. அவர் கண்ட வழி நோயுற்ற மாடுகளைக் கொன்றுவிடுதலாகும். மாட்டைக் கொன்று மாட்டைக் காத்தல்! நமக்கு இது கேட்கவும் பொறாது. ஆனால், அதுவன்றி அக்காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை.

லியோனிற் பயின்றோரால் இக்கல்வி பிற தேசங்களுக்கும் பரவிற்று. 1773இல் கோப்பன்ஹேகனிலும், 1791இல் இலண்டனிலும் கல்லூரிகள் எழுந்தன. சென்னையில் 1903இல் ஒன்று அமைந்தது. நம் நாட்டிலோ 1947ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியப் பயிற்சி தொடங்கிற்று. பேராதனையில் இன்று அதற்கெனத் தனிப் பீடமே உண்டு.

வெக்கை நோயை வென்றது வாளன்று, தடுப்பூசியே. ஆங்கிலேய மிருக வைத்தியரான வால்ட்டர் பிளௌரைட் கென்யாவிலே உயிரணு வளர்ப்பு முறையில் அதனை ஆக்கினார். இலங்கையில் 1987இல் மறுபடி தலைகாட்டிய இந்நோய் 1994இன் பின் காணப்படவில்லை. 2011இல் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதன் முற்றாக ஒழித்த நோய்களில், பெரியம்மைக்கு அடுத்தது இதுவேயாகும்.